கல்லாற்றின் கடைசி வாரிசு

“புகையிலை எங்க?” என்றார் பேராசிரியர் டக்ளஸ் ரீவ், வந்தவளை உட்காரக்கூடச் சொல்லாமல்.

கைலா தோள்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “காஞ்ச மீன் கொண்டுவந்திருக்கேன் சார்.”

ரீவுக்குச் சுர்ரென்று ஏறியது. பூர்வகுடிகள் துறையில் சேர்ந்த முதல் வாரமே அவர் சொல்லித்தருகிற பாடம் அது. பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்டுப் போகிறவர்கள், புகையிலையைக் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இரண்டு வருஷமாக முன்வரிசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறவள் இதைக்கூடவா மறப்பாள்? கேட்டேவிட்டார்.

“மறக்கல சார். கல்லாத்துக்காரங்களுக்குப் புகையிலை குடுக்கிற பழக்கம் கிடையாது. மீன்தான்.”

“அடேங்கப்பா! கல்லாத்துக்காரன் எங்கிட்டயே கல்லாத்து வழக்கமா? எந்த வெப்சைட்டுல படிச்சே?”

ரீவ் பொட்டலத்தை விரல் நுனியால் தள்ளி வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார்.

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆற்றின் குறுக்கே அணை கட்டிய காலத்தில் கல்லாற்றுப் பூர்வகுடிகள் திசைக்கொருவராகச் சிதறிப் போனார்கள். ‘இந்த இனத்தில் இனி யாரும் இல்லை’ என்று எழுதி, அரசாங்கமும் கோப்பை மூடிவிட்டது. அதன் பிறகு வாரிசு என்று பதிவு செய்துகொண்ட ஒரே ஆள் ரீவ்தான் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தில் வாசல் காவலாளிக்கும் தெரியும். நரைத்த முடியைப் பின்னிவிட்டு, கழுத்து நிறைய மணிமாலையோடு அவர் வந்து நின்று பிரார்த்தனை சொல்லாமல் அங்கே ஒரு விழாவும் தொடங்கியதில்லை. அப்பேர்ப்பட்டவருக்கு, அமெரிக்காவிலிருந்து கனடாவுக்கு வெளிநாட்டு மாணவர் பெர்மிட்டில் படிக்க வந்த ஒரு பெண் வழக்கம் சொல்லித்தருவதா?

“சரி, வந்த விஷயத்தைச் சொல்லு.”

“கிடங்குல இருக்கிற பதினாலு பெட்டி சார்.”

ரீவ் எதிர்பார்த்ததுதான். அணைக்காகத் தோண்டியபோது ஆற்றங்கரையில் கிடைத்த எலும்புகள் அவை. அறுபது வருஷமாகக் கிடங்கில் கிடந்தவை திங்கட்கிழமை பரிசோதனைக் கூடத்துக்குப் போகின்றன. அங்கே வெட்டி, பொடியாக்கி, வயது பார்ப்பார்கள். ரீவின் அடுத்த புத்தகமே அந்த முடிவை நம்பித்தான் இருந்தது.

“வெட்ட வேண்டாம் சார். ஆத்தங்கரையிலேயே புதைச்சிடலாம். வாரிசு கையெழுத்து இருந்தாத்தான் வெளிய விடுவாங்களாம். இந்த நாட்டுல வாரிசுன்னு பதிவாகி இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்.” படிவத்தை நீட்டினாள்.

“புதைக்கப் போறது யாரு? நீயா?”

“ஆமா சார்.”

“உனக்கு என்ன வந்துச்சு இதுல?”

“அட்டைப் பெட்டிக்குள்ள கெடக்கிறாங்க சார். மேல நம்பர் ஒட்டியிருக்கு. அதைப் பாத்த நாள்லேருந்து எனக்குச் சோறு தண்ணி எறங்கல.”

அவள் கண் கலங்கியதும் ரீவுக்குப் பொறுமை போய்விட்டது.

“இங்க பாரு கைலா. வருஷாவருஷம் உன்னை மாதிரி நாலு பேரு வெளிநாட்டுலேருந்து வர்றீங்க. போன வருஷம் ஒரு ஜெர்மன்காரன், ஆத்தைப் பாத்ததும் ஓன்னு அழுதான். படிச்சோமா, பட்டத்தை வாங்கினோமா, ஊரைப் பாக்கப் போனோமான்னு இருக்கணும். அடுத்தவங்க வீட்டு எழவுல வந்து மாரடிக்கக் கூடாது.”

“அப்படி இல்ல சார்...”

“பேசாதே! அது எங்க பாட்டி அடலினோட சனங்க. கல்லாத்துல பொறந்த கடைசிப் பொம்பளை அவ. ஒத்தைப் பிள்ளையா எங்கப்பாவைப் பெத்துப் போட்டுட்டுக் கண்ணை மூடிட்டா. அவளுக்காகப் பேச நான் ஒருத்தன் இருக்கேன். நீ யாரு?”

கைலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க புத்தகத்துல மொத பக்கத்துலயே இதை எழுதியிருக்கீங்க. அதைப் படிச்சிட்டுத்தான் இங்க வந்து சேர்ந்தேன் சார்.”

ரீவ் சற்றுக் குளிர்ந்தார். “அப்புறம் என்ன? போய்ப் படிக்கிற வேலையைப் பாரு.”

“நான் யாருன்னு ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் கேட்டீங்க. இதுவரைக்கும் என் பேருக்கு நேரா அமெரிக்கான்னு மட்டும் எழுதிக்கிட்டீங்க.” பேனாவின் மூடியைத் திறந்து படிவத்தின்மேல் வைத்தாள். “கல்லாறு எல்லையில நின்னுடல சார். அந்தப் பக்கமும் ஓடுது. அணை கட்டினப்போ அதோட கரையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தவங்க எங்க சனங்க. அங்க நாங்க ரெண்டாயிரம் பேரு இருக்கோம். ஆனா இந்த நாட்டுச் சட்டத்துக்கு நாங்க வெளிநாட்டுக்காரங்களாம், எங்க கையெழுத்து செல்லாதாம். அதான் உங்க கால்ல விழாத குறையா நிக்கிறேன்.”

ரீவின் கை தானாக மணிமாலையைப் பிடித்துக்கொண்டது. “நீ... என்ன சொல்றே?”

“கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா கீழ இறங்கி வாங்க. பஸ்ஸுல முப்பது பேரு காத்திருக்காங்க. அடலினுக்குப் பொறந்தது ரெண்டும் பொண்ணு, அதுல மூத்தது என் பாட்டி. ரெண்டு பேருமே முன் சீட்டுல உக்காந்து, ‘நமக்கே தெரியாம நமக்கு ஒரு தம்பியாடி?’ன்னு எல்லை தாண்டினதுலேருந்து ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கிட்டே வர்றாங்க... மாமா.”