நாலு விரல் மிச்சம்

குடைக்கம்பி மண்மூட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

காலையில் விழுந்து வெடித்த செல்லின் இரும்புத் துண்டொன்று, அவர்கள் பதுங்கியிருந்த பங்கரின் மண்மூட்டைச் சுவருக்குள் பாய்ந்திருந்தது. சுவருக்கு உட்புறம், அதே உயரத்தில்தான் மகள் தர்சிகா தலைவைத்துப் படுத்திருந்தாள்.

பிள்ளை இப்போது வெளியே குந்தியிருந்து ரொட்டி தின்றது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

பரஞ்சோதி மாஸ்டர் அவசரப்படாமல் கம்பியைத் தள்ளினார். பள்ளிக்கூடம் இல்லாமல் போனபின் அவருக்கு இதுதான் வேலை. செல்லடி ஓய்ந்ததும் குடைக்கம்பியும் கொப்பியுமாகக் கிளம்பிவிடுவார். எந்தச் சுவரில் எந்தத் துண்டு எவ்வளவு ஆழம் போயிற்று என்று அளப்பார், எழுதுவார். மண்டை கழன்ற மனுசன் என்று சனம் சொன்னது.

அவளும் சொன்னாள். சொன்னதோடு நின்றாளா?

போன கிழமை அவர் வந்து, ஒரு வரிசை மூட்டை போதாது, இன்னொரு வரிசை அடுக்கு என்றார். சாக்கு இல்லை என்றாள். சேலையில் பை தைக்கச் சொன்னார். உடுத்த சேலையைத் தவிர அவளிடம் இருந்தது கூறைச்சேலை மட்டும். ஆறு இடம் பெயர்ந்தும் கைவிடாமல் கொண்டுவந்தது. கட்டியவன் போனபின் அவனென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளும் வந்தார். பிள்ளையின் தலைமாட்டுக்கு மட்டுமாவது அடுக்கு என்றார். அதற்கு மறுநாளும் வந்தார்.

தொல்லை தாங்காமல்தான் கூறையைக் கிழித்தாள். ஐந்து பை தேறியது; மண் நிரப்பிப் பிள்ளையின் தலைமாட்டில் உட்புறமாக அடுக்கினாள்.

கம்பி வெளிச்சாக்கைக் கடந்தது. உள்ளே, கூறையின் சிவப்புப் பட்டுத்துணியைக் கடந்தது.

டிக்.

இரும்பில் இரும்பு.

மாஸ்டர் கம்பியை விரலால் அடையாளம் பிடித்து உருவினார். சுவரின் மேல் குறுக்கே கிடத்தி, உட்புறம் வர இன்னும் எவ்வளவு என்று பார்த்தார்.

"நாலு விரல் மிச்சம், தங்கச்சி."

இந்த மனுசனையா அப்படிப் பேசினேன் என்று நினைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. கொப்பியில் எழுதிவிட்டு, அதைப் பிடிக்கச் சொல்லி அவளிடம் நீட்டினார். கம்பியில் ஒட்டிய மண்ணை உடுத்திருந்த சாரத்தில் துடைக்கத் தொடங்கினார்.

கொப்பியில் அவளுடைய சுவர் முப்பத்தோராவது.

முதல் பக்கத்தைப் புரட்டினாள். முதலாவது, அவருடைய சொந்தப் பங்கர். தேதி அவளுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் மாஸ்டரின் மனைவியை எல்லோருமாகச் சேர்ந்து அடக்கம் செய்தார்கள்.

'ஒரு வரிசை. கம்பி மறுபக்கம் வந்தது.'

அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

அவள் கொப்பியை மூடிக் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துப் பங்கரைப் பார்த்தாள். அங்கே இன்னும் ஒரு வரிசைதான். மாஸ்டர் கேட்டுக் கேட்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பிய இடம்.

விறுவிறுவென்று நடந்துபோய் வாசலில் குனிந்தாள்.

"அன்னமக்கா, உங்கடை கூறையை எங்கை வைச்சிருக்கிறியள்?"