மூன்றாவது தெர்மோஸ்டாட்

"குளிருதுங்க."

"தெரியுது. இரு, பார்க்கிறேன்."

தினமும் காலை இப்படித்தான் தொடங்கியது. முகம் கழுவுவான். பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொள்வான். லாரியின் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவான். ஹீட்டர் குமிழைக் கடைசிவரை திருகி வைப்பான். காற்று வரும், சூடு வராது. பக்கத்து இருக்கையிலிருந்து அவள் குரல் வரும்.

அன்று பத்து கிலோமீட்டர் ஓட்டியும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் அடிக்கோட்டை விட்டு எழவில்லை. பட்டறைப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.

"வாப்பா, பட்டதாரி. மறுபடியும் அதே வியாதியா?" மெக்கானிக் கையைத் துடைத்தபடி வந்தார். இன்ஜினியரிங் படித்துவிட்டு லாரி ஓட்டுகிறவனுக்கு அவர் வைத்த பெயர் அது.

"ஹீட்டர் சுத்தமா வேலை செய்யலண்ணே. முள்ளும் ஏற மாட்டேங்குது. வீட்டுக்காரிக்குக் குளிருது."

"தங்கச்சியும் வந்திருக்கா? இறங்கி அடுப்புக்கிட்ட உட்காரச் சொல்லு."

"அவ இறங்க மாட்டா."

மெக்கானிக் அண்ணாந்து பார்த்தார். அவன் பக்கத்துக் கண்ணாடி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடி மட்டும் உள்ளே மூச்சு பட்டு வெளுத்திருந்தது.

"நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டேங்குதே?"

"என்கிட்ட மட்டும்தான் பேசுவா."

"கொடுத்து வச்சவன்யா நீ. என் வீட்டுல ஊரோட எல்லாம் பேச்சு. என்னைக் கண்டாதான் வாயில பூட்டு."

சிரித்துக்கொண்டே குனிந்து ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டார். சிரிப்பு நின்றது.

"பாதிச் சூடுகூட ஏறல, அதுக்குள்ள தண்ணி ரேடியேட்டருக்கு ஓடுது பாரு. சூடு ஏறுற வரைக்கும் அதை மறிச்சு வைக்கிறதுதானே தெர்மோஸ்டாட்டோட வேலை? கதவைத் திறந்து போட்டுட்டு அடுப்பு மூட்டினா வீட்டுல சூடு நிக்குமா?"

கூலன்டை வாளியில் பிடித்துவிட்டு, இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார்.

"அட! இங்க ஒண்ணுமே இல்ல. போன மாசம் நான்தானே போட்டேன்? அதுக்கு முந்தின மாசமும் நான்தான். இதைத் திருடுறவன் டயரை விட்டுட்டா போவான்?"

அவன் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"மலை ஏறும்போது இன்ஜின் கொதிக்குதுன்னு டிரைவருங்களே இதைக் கழட்டி எறியறது உண்டு. வெயில் காலத்துக்குச் சரி. பனியில அது ஆளையே கொன்னுடும்."

அவன் வெளுத்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதான் கடைசி, சொல்லிட்டேன். இப்படிச் சூடேறாம ஓடினா டீசல் பாதி எரியாம ஆயில்ல இறங்கும். இன்ஜின் இந்தப் பனிக்காலத்தைத் தாண்டாது. இந்த வண்டியும் போனா அப்புறம் உனக்கு என்னடா இருக்கு?"

"ஒண்ணுமே இருக்காதுண்ணே."

மூன்றாவது தெர்மோஸ்டாட் ஏறியது. இன்ஜினை ஓடவிட்டதும் முள் மெல்ல எழுந்து நடுக்கோட்டில் நின்றது. கேபினுக்குள் சூடு குபுகுபுவென்று வந்தது. வெளுப்பு ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, உள்ளங்கை அளவாகி, மறைந்தது.

வண்டி நகர்ந்தது. தங்கச்சிக்குக் கையசைக்க நிமிர்ந்த மெக்கானிக்கின் கை பாதியில் நின்றுவிட்டது.

"இப்போ சூடு வருதா?" சாலைக்கு வந்ததும் அவன் கேட்டான்.

பதில் இல்லை.

"பரவாயில்லையா இப்போ?"

ஹீட்டர் விசிறியின் இரைச்சல்தான் கேட்டது. எட்டு கிலோமீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். கழுத்தில் வியர்வை வழிந்தது. இன்னொரு வளைவு தாண்டியதும் ஓரங்கட்டினான். இன்ஜின் ஆறும்வரை டீ குடித்தான். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து வாளியையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

இரண்டு போல்ட். பழகிய கை. கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் துடைத்து, டூல்ஸ் பெட்டியில் ஏற்கெனவே கிடந்த இரண்டோடு போட்டு மூடினான். கூலன்டைத் திரும்ப ஊற்றி வண்டியைக் கிளப்பினான்.

கொஞ்ச தூரத்தில் முள் படுத்துக்கொண்டது. விசிறி பச்சைத் தண்ணீர்போல் காற்றை வீசியது. பக்கத்துக் கண்ணாடியில், உட்கார்ந்திருப்பவரின் வாய் இருக்கும் உயரத்தில், வட்டமாக ஒரு வெளுப்பு படர்ந்தது.

"குளிருதுங்க."

"தெரியுது" என்றான். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உயிரோடு இருந்தவரை அவள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. போன பனிக்காலத்தில், மலை ஏற்றத்துக்காக வண்டியோடு வந்த தெர்மோஸ்டாட்டை அவனே கழற்றி எறிந்த மறுநாள், பனி வழியை மூடி வண்டி நின்றுபோன இரவில், இதே கேபினில், தன் கம்பளியையும் எடுத்து அவன்மேல் போர்த்திவிட்டு அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"எனக்கு ஒண்ணும் குளிரலைங்க. நீங்க தூங்குங்க."