புதுப் பேட்டரி

“ஏலே, இந்தப் பேட்டரியும் சரியில்லேன்னு சொன்னேன்னு வையி, நானே அரிக்கேன் லைட்டப் பிடிச்சுக்கிட்டு வண்டிக்கு முன்னால நடந்து வாரேன். போதுமா?” என்றார் ஞானசிகாமணி.

கம்பத்தில் அவருக்கு ஓர் அரிசி மண்டி. மண்டிக்கு ஒரே ஒரு லாரி. லாரிக்கு ஒரே ஒரு டிரைவர், சுருளியாண்டி. முதலாளி கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கத்துவதிலும் ஞாயம் இல்லாமல் இல்லை. சண்டைக் காலம். டயர் கிடையாது, பெட்ரோலுக்குக் கூப்பன். மதுரைக்கு ஆள் அனுப்பி, யார் யார் காலையோ பிடித்து வாங்கிய பேட்டரி அது. மூன்று மாதத்தில் இது இரண்டாவது.

“நான் என்ன மொதலாளி செய்ய? லைட்டு மின்மினிப் பூச்சி கணக்கா எரியுது. போன வாரம் குமுளி மலையில, வளைவுல கெடந்த கல்லு தெரியாம ஏத்திட்டேன். இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தா பள்ளத்துல கெடப்பேன். இன்னைக்கு மூட்டை மட்டுமா? ஏலக்காய் பறிக்கப் போற பொம்பளையாளுக பன்னண்டு பேரு மூட்டை மேல ஒக்காந்து வாராக. அதுல எம் பொண்டாட்டியும் ஒருத்தி.”

“அதுக்குத்தான புதுசு வாங்கியாந்திருக்கேன்? மாட்டு. எஸ்டேட்டுல அரிசி இல்லாம கெடக்கு. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி கெளம்பணும். இல்லேன்னா நாளைக்கு வேற டிரைவரத்தான் பாக்கணும்.”

சொல்லிவிட்டு முதலாளி வீட்டுக்குப் போய்விட்டார். மில்லிலிருந்து அரிசி வந்து, ரேஷன் குமாஸ்தா முத்திரை வைத்து, ஏற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். அதனால் மலையேற்றம் எப்போதும் இருட்டில்தான். கிளீனர் வேறு பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். கிரீஸ் அடிப்பது, ஆயில் பார்ப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் சுமப்பது எல்லாம் சுருளியாண்டி தலையில்தான். ராத்திரி மலை, பகலில் ரிப்பேர். வாரக் கணக்கில் கேப்பைக் களியும் மிளகாயுமாகப் போகிறது சாப்பாடு. நின்ற இடத்தில் கண் சொருகியது.

மெக்கானிக் கர்ணன் பழைய பேட்டரியைக் கழற்றினான். பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வயர் முனைகளைத் தேய்த்து, புதுப் பேட்டரியை உட்காரவைத்து முடுக்கினான். சுருளியாண்டி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிரீஸ் அடித்தான்.

“அண்ணே, செல்ப அமுக்குங்க.”

சுருளியாண்டி ஏறி அமுக்கினான். ஒரே அமுக்கில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“கேட்டீகளா? குதுர கணக்கா நிக்கிது. பழச மாட்டுனப்பவும் இப்படித்தான அண்ணே இருந்துச்சு? அது மேலயும் எனக்குக் குத்தம் தெரியல.”

“ஒனக்கென்னப்பா, பகல்ல மாட்டுறே, பகல்ல போயிர்றே. இருட்டுல வந்து பாரு, தெரியும்.”

கர்ணன் சிரித்தபடி கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான்.

பொழுது இறங்கியது. ஐப்பசி மாதம் இருட்டு சீக்கிரம் வந்துவிடுகிறது, அதுவும் இந்த வருசம் ரொம்பத்தான் சீக்கிரம் என்று நினைத்துக்கொண்டான் சுருளியாண்டி. தடவித் தடவி சாவியை எடுத்து, டிரைவர் சீட்டில் ஏறி எஞ்சினைக் கிளப்பி, லைட்டைப் போட்டான்.

எதிரே இருக்கிற புளியமரம் தெரியவில்லை.

இறங்கினான். விளக்குக் கண்ணாடியைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். வயர் முனைகளை இன்னொரு சுற்று முடுக்கினான். சாமியைக் கும்பிட்டுவிட்டு மறுபடி ஏறிப் போட்டான். அதே மங்கல். சாணி கரைத்த தண்ணீருக்குள் விளக்கு எரிகிற மாதிரி.

அவனுக்கு அழுகை வந்தது. மதுரைக் கடைக்காரன் பழசைத் துடைத்துப் புதுசென்று தலையில் கட்டிவிட்டான். முதலாளியிடம் போய் நின்றால் இன்றோடு வேலை போய்விடும். இந்தச் சண்டைக் காலத்தில் வேறு யார் லாரி வைத்திருக்கிறார்கள், கூப்பிட்டு வேலை கொடுக்க? பேசாமல் வண்டியை எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பாதை பழகின பாதைதானே.

மூட்டை மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டு வரப்போகும் பெண்களை நினைத்துப் பார்த்தான். நடுவில் அவன் பெண்டாட்டி ராமுத்தாய் இருப்பாள்.

வேலை போனால் போகட்டும். அவர்கள் வந்ததும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். முடிவு பண்ணியதும் உடம்பு ஓய்ந்து, ஸ்டீயரிங்கில் கையை ஊன்றியபடி இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னங்க, மொதல்ல அந்த லைட்ட அமத்துங்க!”

ராமுத்தாயின் குரல். சுருளியாண்டி திடுக்கிட்டு இரண்டு பக்கமும் பார்த்தான்.

“எங்கன நிக்கிறே?”

“எங்கனயா? நல்லாக் கேட்டீக! வண்டிக்கு நேர் முன்னாலதான் நிக்கிறோம். பட்டப்பகல் கணக்கா வெளிச்சம் மூஞ்சியில அடிக்குது, பன்னண்டு பேரும் முந்தானையால கண்ணப் பொத்திக்கிட்டு நிக்கிறோம். தெரியலையா ஒங்களுக்கு?”