பாலம்மாள் வீட்டுச் சுவர்

"அண்ணாச்சி, மட்டையக் கீழ வைங்க. என் சுவத்துல இன்னொரு இழுப்பு இழுத்தா நல்லா இருக்காது."

நயினார் சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டுவிட்டுத் திரும்பினார். சுவரில் 'நயி' வரைக்கும் வெள்ளையடித்தாயிற்று. 'னாருக்கே உங்கள் ஓட்டு' மட்டும் சிவப்பாக மிச்சம் இருந்தது.

குத்துக்கல்வலசையில் அது பீடி சுற்றுகிறவர்களின் தெரு. பாலம்மாள் கைகாட்டும் பக்கம்தான் தெருவே ஓட்டுப் போடும். கூலி உயர்வுக்காகப் பலமுறை உள்ளே போனவர், எமர்ஜென்சியிலும் தப்பாதவர் நயினார். அவர்தான் சிவப்புக் கட்சி வேட்பாளர் என்றதும், கேட்காமலே சுவரைக் கொடுத்தவள் அவள். அந்தக் கட்சி இப்போது பெரிய கட்சியோடு கூட்டணி சேர்ந்து, தொகுதியையும் விட்டுக்கொடுத்துவிட்டது. சாரல் நின்ற நேரம் பார்த்து, தன் பெயரைத் தானே அழித்துப் பெரிய கட்சியின் சின்னத்தை வரைய வந்திருந்தார் நயினார்.

"கமிட்டி கூடி எடுத்த முடிவு, பாலம்மா."

"கமிட்டி கெடக்கட்டும். இந்தக் கை யாரு ஆட்சில ஒடிஞ்சது?" வளைந்துபோன மணிக்கட்டை நீட்டினாள். கூலி கேட்டு ஊர்வலம் போனபோது போலீஸ் தடி விழுந்த கை.

"அவுக ஆட்சிலதான்."

"அப்பொ அவுகளுக்கே..."

"அவுகளுக்கே ஓட்டுக் கேக்க வெக்கமா இல்லையான்னு கேக்கப் போற. நியாயந்தான். அவுக கூலி கேட்டதுக்கு அடிச்சாவ. எதுத்து நிக்கது பீடிக் கம்பெனி மொதலாளி, சங்கமே கூடாதுங்காரு. நம்ம ஓட்டு தனியாப் பிரிஞ்சா அவருதான் ஜெயிப்பாரு. சங்கம் இருந்தா அடிச்சவுகளையும் நாளைக்கு எதுத்துக் கேக்கலாம். சங்கமே இல்லன்னா எங்கன போயி கேப்ப?"

"நாளைக்கு அவுகளே நம்மள முழுங்கிட்டா?"

"முழுங்க விடாமப் பாத்துக்கிடத்தான நீங்கள்லாம் இருக்கிய."

எதைக் கேட்டாலும் மனிதர் பதில் வைத்திருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் கேள்வியையும் அவரே எடுத்துக் கொடுத்தார். பாலம்மாளுக்குக் கோபம் மெல்ல இறங்கியது. கைக்கு வந்த தொகுதியை விட்டுக்கொடுத்துவிட்டு ஒருவர் இப்படிப் பேசுகிறார் என்றால், அந்த முடிவை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"சரி, வரைங்க. உங்க மொகத்துக்காவ இல்ல, சொன்னது நியாயமாப் படுது. தெருவுல நான் பேசிக்கிடுதேன்."

அப்போதுதான் சங்கச் செயலாளர் மாடன் நீலப்பொடி டப்பாவோடு சைக்கிளில் வந்து இறங்கினார். பாலம்மாள் தடுக்காமல் நிற்பதையும் சுவரில் பாதிப் பெயர் வெளுத்திருப்பதையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, கூட்டணி வேணும்னு சொன்ன நாங்களே இந்தத் தெருவுக்குள்ள பயந்துக்கிட்டேதான் வாறோம். கமிட்டியில கூடவே கூடாதுன்னு கையத் தூக்குன ஒரே ஆளு நீங்க. நீங்க வந்து வரையுதிய?"

பாலம்மாள் திகைத்துப்போய் நயினாரைப் பார்த்தாள். "அப்பொ இம்புட்டு நேரம் எங்கிட்ட சொன்னது?"

"நீ கேட்டதெல்லாம் நான் கமிட்டியில கேட்டது, பாலம்மா. நான் சொன்னதெல்லாம் அவுக எனக்குச் சொன்ன பதிலு" என்றவர், மட்டையை எடுத்து மிச்சமிருந்த தன் பெயரையும் வெள்ளையடித்தார்.