வெள்ளிக்கிழமைப் பார்வை

செண்பகவல்லியின் மகள் பூவிழி பதினான்கு வயதில் எலும்புப் புற்றுநோயால் இறந்து ஆறு வருடமாகிறது. இரண்டு மரபணுக்கள் உடைந்து தப்பாக ஒட்டிக்கொண்டதால் வந்த அபூர்வ நோய். அவள் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் ஆய்வகத்தில் இன்னும் பெருகிக்கொண்டிருந்தன. வெள்ளிதோறும் பெற்றோருக்குப் பார்வை நேரம். செண்பகவல்லி நுண்ணோக்கியில் குனிந்து அந்தச் சின்னச் சின்ன உருண்டைகளைப் பார்த்துவிட்டுப் போவாள். மகளைக் கொன்றவைதான், ஆனாலும் மகளுடையவை.

இன்று ஆய்வாளர் ரெஜினா வாசலுக்கே ஓடிவந்தாள்.

"அக்கா, புது மருந்து வேலை செஞ்சிருச்சு! பூவிழியோடதுன்னு வச்சிருந்ததுல ஒரு செல்கூட மிச்சமில்ல. இனிமே இந்த நோயில எந்தப் பிள்ளையும் சாகாது."

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லதும்மா. எல்லாப் பிள்ளைங்களும் நல்லா இருக்கட்டும்."

கையை விடவில்லை.

"அவ எத்தன மணிக்கும்மா போனா?"