இரண்டாம் பொத்தான்

பிரேக் கோளாறென்று கம்பெனியே திரும்ப அழைத்த பெரிய கறுப்புக் கார், சர்வீஸ் சென்டரின் வெள்ளை வெளிச்சத்தில் கதவு திறந்து நிற்கிறது. "யானை விலை வண்டி, பிரேக்கு மட்டும் மனசு வெச்சாத்தான் புடிக்குது," என்கிறார் மெக்கானிக், லேப்டாப்பைத் திறந்தபடி. "புது சாஃப்ட்வேர் ஏத்தினா பழைய செட்டிங் எல்லாம் அழிஞ்சிடும் சார்." ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் வண்டிச் சொந்தக்காரன், இருக்கை அளவை நினைவில் வைத்திருக்கும் இரண்டாம் பொத்தானை அழுத்துகிறான். இறந்துபோன மனைவியின் அளவுக்கு இருக்கை முனகிக்கொண்டே முன்னால் நகர்கிறது. உள்கண்ணாடி தலை குனிகிறது. முழங்கால்கள் ஸ்டியரிங்கில் இடிக்கின்றன. "இத மட்டும் விட்டுட முடியாதாண்ணே? ஏதாவது பண்ணுங்கண்ணே." "பிரேக்கு சார். பாப்பாவ வெச்சு ஓட்டுறீங்க." அவன் நிமிர்ந்து பார்க்கிறான். குனிந்த கண்ணாடியில் சாலை இல்லை. பின்சீட்டில் தூங்கும் மகளின் முகம் மட்டும் முழுதாக இருக்கிறது. "போடுங்கண்ணே," என்கிறான். பொத்தானிலிருந்து விரலைத்தான் எடுக்க முடியவில்லை.