கை கொடுக்காத மனுசன்

"ஆராதனையில சமாதானம் சொல்றப்ப யாரும் யாருக்கும் கை கொடுக்கக் கூடாது. தலைய ஆட்டினா போதும்."

சொல்லிட்டு ஜார்ஜ் டீய உறிஞ்சினாரு. ஆபிஸ்ல கணக்கு எழுதின பழைய எஸ்டேட் கிராணி. அவரு ரிட்டயர் ஆயி பல வருசமாச்சு, உத்தரவு போடுற வாய் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகல. இப்ப ரந்தாவ் டவுன் பக்கத்து எஸ்டேட் சர்ச்சுக்குக் கமிட்டித் தலைவர்.

கொரோனாவால ரெண்டு வருசமா போன்லயே நடந்த ஆராதனை, வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடியும் சர்ச்சுல. அதுக்குத்தான் இந்த மீட்டிங்.

கமிட்டி மெம்பர் பெட்ரிசியாவுக்குச் சுருக்குன்னுச்சு.

"என்னாண்ணே இது? கவர்மென்டே விட்டுருச்சு. பசார்ல ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட்டு மீன் வாங்குறோம். சர்ச்சுல கை கொடுக்கக் கூடாதா?"

"பசார்ல இடிங்க. இங்க வேணாம்."

கித்தார் வாசிக்கிற கிளென் கேட்டான், "அப்ப கும்பிடலாமா அங்கிள்?"

"அதுவும் வேணாம். கை கீழயே இருக்கட்டும்."

"கும்பிட்டா கூடவா கொரோனா வரும்?"

கமிட்டியே சிரிச்சுச்சு. பெட்ரிசியா சிரிக்கல.

லுக்குட் டவுன் ஃப்ளாட்டுல அவங்க தனி ஆளு. புருசன் போனப்புறம் அவங்க கைய இன்னொரு கை பிடிக்கிறதே அந்தச் சமாதான நேரத்துலதான். ரெண்டு வருசமா அதுவும் இல்ல. கடைசியா பிடிச்சது தடுப்பூசி போட்ட நர்சு. அதுவும் கிளவுஸ் மாட்டிக்கிட்டு.

இதையெல்லாம் மீட்டிங்லயா சொல்ல முடியும்?

"வாங்க வாங்கன்னு ஆளுங்கள கூப்பிடுறோம். வந்தப்புறம் தொடாதன்னா, இது சர்ச்சா, கிளினிக்காண்ணே?"

ஜார்ஜ் மீட்டிங் நோட்ட மூடினாரு. முடிவு முடிவுதான்.

வெளிய மோட்டார் சைக்கிள எடுக்குறப்ப கிளென் குசுகுசுத்தான். "அங்கிள் மக சிரம்பான்ல வக்கீலாயிட்டால்ல ஆன்ட்டி. நம்ம கையெல்லாம் இனிமே அங்கிளுக்கு அழுக்கு லா."

"இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை அவரு மூஞ்சிக்கு நேரா கைய நீட்டுறேன். என்ன பண்றாருன்னு பாப்போம்."

ஞாயித்துக்கிழமை சர்ச்சு நெறஞ்சிருச்சு. பெட்ரிசியா கூரை அதிரப் பாடினாங்க. பாட்டு முடிஞ்சதும், பாஸ்டர் சமாதானம் சொல்லச் சொல்றதுக்கு முன்னாலயே எழுந்து, வாசல்ல நின்ன ஜார்ஜ்கிட்ட போனாங்க. கைய நீட்டினாங்க.

ஜார்ஜ் பிடிக்கல. கண்ணாலயே கடைசி பெஞ்சக் காட்டினாரு.

அங்க புனிதன். பக்கத்துல பொண்டாட்டி ரோகினி. புனிதன் பாம் ஆயில் மில்லுல வேலை செஞ்ச பையன். ரொம்ப நாளா போன் ஆராதனையில கூட முகம் காட்டல. முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். வலது பக்கத்துச் சட்டைக் கை முழங்கைக்குக் கீழ வெறுமனே தொங்குச்சு.

ஜார்ஜ் குரலத் தாழ்த்தினாரு.

"போன வருசம் மெசின்ல மாட்டிக்கிச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டான். வீட்டுக்குப் போயி, சர்ச்சுக்கு வாடான்னு எத்தனையோ தடவ கூப்பிட்டேன். 'எல்லாரும் கைய நீட்டுவாங்க அங்கிள், நான் எத நீட்டுறது?'ன்னு கேக்குறான். கை கொடுக்குற வழக்கமே இப்ப இல்லடான்னு சொல்லித்தான் கூட்டியாந்திருக்கேன்."

பெட்ரிசியா நீட்டின கைய மெதுவா இழுத்து, சேலை முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க.

"ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்குவோம்"னாரு பாஸ்டர்.

தலைங்க ஆடுச்சு. ஆனா கிளென் கித்தார கீழ வெச்சுட்டு, பல்லெல்லாம் தெரிய கைய நீட்டிக்கிட்டு நேரா பெட்ரிசியாகிட்ட வந்தான். "ஆன்ட்டி, அங்கிள் ரூல்ச விடுங்க. கொடுங்க கைய!"

அவனப் பாத்து ரெண்டு மூணு பெஞ்சுல கைங்க எழும்ப ஆரம்பிச்சுச்சு. கடைசி பெஞ்சுல புனிதன் பாதி எழுந்து வாசலப் பாத்தான்.

"கிட்ட வராத தம்பி! எனக்கு ரெண்டு நாளா தொண்டையே சரியில்ல!"ன்னு சர்ச்சு முழுக்கக் கேக்குற மாதிரி கத்தினாங்க பெட்ரிசியா.